பள்ளமில்லாத மாவட்டம்

மனைவி வடிவு செத்துப்போன பிறகு ராஜவேலு தன் காரின் பின்சீட்டில் யாரையும் உட்கார விட்டதில்லை. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு விற்க மல்லாட்டைக் கடலை மூட்டை கொண்டுபோனால்கூட அதை முன்சீட்டில் ஏற்றி, பெல்ட் மாட்டித்தான் கொண்டுபோனார். ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அவருடைய ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் தார்ச்சாலை, ஏரி வாய்க்கால் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் பெயர்ந்து போய் வெகுகாலம் ஆகிறது. ஒரு மத்தியான நேரத்தில் வடிவுக்குக் குடல்வால் வெடித்தது; பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டு அந்தச் சாலையில்தான் வந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும், "மெதுவாங்க... மெதுவாங்க..." என்று கெஞ்சினாள். ராஜவேலு மெதுவாகத்தான் ஓட்டினார். மனைவி கேட்டு அவர் மறுத்த விஷயங்கள் வாழ்க்கையில் நிறைய உண்டு. அன்றைக்கு மட்டும் மறுக்கவில்லை. விழுப்புரத்தில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தனியாக அந்தச் சிறுபாலத்தைக் கடக்கும் போதெல்லாம் பின்சீட்டிலிருந்து, "மெதுவாங்க" என்று ஒரு குரல் வரும். முதல் தடவை ரேடியோ என்று நினைத்து அதை அணைக்கப் போனார். ரேடியோ ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மந்திரிப்பதற்கு ஆள் கூட்டி வந்திருப்பார்கள். வந்தவன் வடிவை விரட்டிவிடுவானோ என்ற பயமும் அவருக்கு இருந்தது.

இப்படி இருக்கையில் மகள் கலைப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வளவனூரில் கட்டிக்கொடுத்த பெண். மாப்பிள்ளை ரஞ்சித்துக்குத் துபாயில் வேலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் இறங்கிய அன்றே ராஜவேலுவுக்குத் தூக்கம் போயிற்று. வலி எடுத்தால் அதே சாலை, அதே கார், அதே பின்சீட்டு. வேறு வண்டிக்குச் சொல்லிவைக்கலாம் என்றால் ஊருக்குள் வர ஆட்டோக்காரனே யோசிப்பான்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் பிரான்சிஸின் பட்டறைக்குப் போனார். பிரான்சிஸ் கார்களுக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலை மட்டுமே பார்ப்பவன். பட்டறைச் சுவர் முழுக்க ரேஸ் காரின் படங்கள். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு ரேஸ்காரன் ஒளிந்திருக்கிறான் என்று நம்புகிற ஆள்.

"காயில் ஓவர் போட்டுடலாம்ணே" என்றான். "ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்து ஒரே தூணா வரும். வண்டியை ஏத்தலாம், எறக்கலாம். மேல இருக்கற திருகை இந்தப் பக்கம் திருப்புனா கெட்டி, அந்தப் பக்கம் திருப்புனா மெத்து. சரி, உனக்குச் சொகுசு வேணுமா, ரோட்டுப் புடிப்பு வேணுமா?"

"ரெண்டும் வேணும்பா."

"ரெண்டும் வேணும்னுதான் எல்லாரும் கேக்கறான். ஒன்னு வந்தா ஒன்னு போவும்ணே."

"பின்னால படுத்துக்கினு வர்றவங்களுக்கு வலிக்கக் கூடாது. முன்னால ஓட்டறவன் மெதுவாப் போவக் கூடாது. அவ்ளோதான்."

பிரான்சிஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

அவன் முதலில் மாட்டிக் காட்டியது ரேஸுக்கென்றே செய்த ஜோடி. ராஜவேலு பிரான்சிஸை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்சீட்டில் ஏறிக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். வடிவு படுத்திருந்த அதே வாகில், தலையைக் கதவுப் பக்கம் வைத்து.

"இன்னாணே பண்ற? கார் வாங்கறவன் ஸ்டீரிங் புடிச்சுப் பாப்பான். நீ கட்டில் வாங்க வந்தவன் மாதிரி..."

"நீ ஓட்டுப்பா."

வளைவுகளில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. ஆனால் ஒரு சின்னக் கல் ஏறினால்கூட அது அவர் முதுகெலும்பில் வந்து தட்டியது. இரண்டாவதாகப் போட்ட ஜோடி பஞ்சு மாதிரி இருந்தது, பள்ளமெல்லாம் தாலாட்டாகிவிட்டது. ஆனால் முதல் வளைவிலேயே வண்டி படகு போலச் சாய்ந்து அவரைச் சீட்டிலிருந்து கீழே உருட்டிவிட்டது. மூன்றாவது ஜோடிக்கு ஸ்பிரிங் மிதம். குலுக்கலை உள்ளே வாங்கி, திருப்பி அடிக்காமல் அடக்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர். அதுதான் சரி என்றார் ராஜவேலு; பிரான்சிஸ் மனமில்லாமல்தான் அதை விட்டுவைத்தான். வண்டியை ஒரு விரற்கடை உயர்த்தச் சொன்னபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாரும் எறக்கத்தாண்ணே வருவான். ஏத்தச் சொல்ற மொத ஆளு நீதான். என் பேரை வெளிய சொல்லிடாத."

திரும்பி வரும்போது ராஜவேலு சிறுபாலத்தை வேகமாகவே தாண்டினார். பள்ளம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முன்சீட்டில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு தளும்பவில்லை.

"மெதுவாங்க" என்றது பின்சீட்டு.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். குலுங்குவதால்தான் அவள் பேசுகிறாள், குலுங்காவிட்டால் தூங்கிவிடுவாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "இப்ப வலிக்கலையே வடிவு?" என்றார்.

அந்த வாரமே அவர் பிடிபட்டார்.

மாவட்ட வாகன அதிர்வு ஒழுங்கு வாரியம் என்று ஒன்று இருப்பது, அதனிடம் பிடிபடுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். விழுப்புரம் ஊருக்குள் நுழையும் இடத்தில் வாரியத்தின் ஜீப் நின்றிருந்தது. ஒரு ஆள் மூங்கில் குச்சியால் காரின் உயரத்தை அளந்து, "ஒரு விரற்கடை கூட இருக்கு சார்" என்றான். அடுத்த நிமிடம் கார் வாரிய அலுவலகத்துக்குள் இருந்த கொட்டகைக்குப் போயிற்று. ராஜவேலு அதன் பின்னாலேயே நடந்து போனார்.

வாரியத்தின் வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடப்படாமல் கிடந்தது. குறுக்கே இரண்டு பலகை போட்டிருந்தார்கள். பலகைக்கு மேலே, 'பள்ளமில்லாத மாவட்டம் - நம் பெருமை' என்று ஒரு துணிப்பதாகை ஆடிக்கொண்டிருந்தது. பலகையில் கால் வைத்து நடந்து, படியேறி, இணை ஒழுங்கு அலுவலர் தாண்டவராயன் முன்னால் ராஜவேலு நின்றார்.

தாண்டவராயன் வெளுத்த சட்டை போட்ட, அதிராமல் பேசுகிற மனிதர். பேசும்போது மேஜைமேல் இருக்கும் எதுவும் அசையக் கூடாது என்பதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் பதித்து வைத்திருப்பார்.

"எதுக்காக இந்த ஸ்பிரிங்கு?"

"ரோட்டுல பள்ளம் சார். பொண்ணு மாசமா இருக்குது. அதான்..."

"எந்தப் பள்ளம்?"

"எங்க ஊர் சிறுபாலத்தாண்ட சார்."

தாண்டவராயன் கண்ணை மூடித் திறந்தார். "இந்த மாவட்டத்துல பள்ளம் கிடையாது. இருந்த பள்ளத்தை எல்லாம் நானே நேர்ல பாத்து, இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இல்லாத பள்ளத்துக்கு நீங்க ஸ்பிரிங் மாட்டினா, அது ரோட்டைப் பத்தின அவதூறு. புரியுதா?"

"புரியுது சார். ஆனா வண்டி குலுங்குதே."

"குலுங்கட்டும். லட்சக்கணக்கான ஜனங்க குலுங்கிக்கினு போறாங்க. நீங்க மட்டும் குலுங்காம போனா சமத்துவம் என்னாவறது? அதிர்வுங்கறது குடிமகனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல இருக்கற ஒரே தொடர்பு. அதையும் அறுத்துட்டா, எங்களை யார் நினைச்சுப் பாப்பாங்க?"

கடைசி வாக்கியம் ராஜவேலுவுக்கு உண்மை மாதிரி பட்டது.

பரிசோதனையில் தேறினால் காரை விடுவார்கள் என்றார்கள். முதல் பரிசோதனையில், நின்றிருந்த காருக்குள் ஒரு டம்ளர் நிறைய மோர் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மோர் தளும்பவில்லை. "ஓடாம நிக்கிற வண்டியிலயே தளும்பலைன்னா, இந்த ஸ்பிரிங் தேவையில்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் தாண்டவராயன். ஓட்டிப் பார்க்கலாமே சார் என்று ராஜவேலு கேட்டதற்கு, கொட்டகைத் தரை கரடுமுரடாக இருப்பதால் அதில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது பரிசோதனைக்கு வலி உதவியாளர் வந்தார். அவர் பெயர் பச்சைமுத்து. முதுகுவலிக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர். வண்டிகளில் படுத்துக்கொண்டு, குலுக்கலுக்கு ஏற்ப 'ஸ்ஸ்', 'ஐயோ', 'அம்மா' என்று மூன்று தரத்தில் குரல் கொடுப்பது அவர் உத்தியோகம். வலி எப்போதோ குணமாகிவிட்டது. அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்பதால் நடக்கும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடப்பார்.

"'அம்மா'னு கத்தி ரொம்ப வருசமாச்சுங்க" என்று ராஜவேலுவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அதெல்லாம் பெரிய வண்டிக்குத்தான்."

நிஜச் சாலையில் ஓட்டம் பார்க்க முடிவாயிற்று. பச்சைமுத்து பின்சீட்டில் படுத்தார். வடிவுக்குப் பிறகு அங்கே தலை சாய்த்த முதல் வெளியாள். ராஜவேலு ஸ்டீரிங்கைப் பிடித்தார். தாண்டவராயன் முன்சீட்டில், கைகளைத் தொடைமேல் பதித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய ரோட்டைத் தாண்டி, ஊர்ச்சாலையில் திரும்பி, சிறுபாலம் வந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது.

"மெதுவாங்க."

தாண்டவராயன் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"பச்சைமுத்து, அது எந்தத் தரம்?"

பச்சைமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். இடுப்பைப் பிடிக்கக்கூட மறந்துபோனார். "நான் இல்லைங்க சார். சாமி சத்தியமா நான் இல்லை. என் காதாண்ட பேசுச்சு."

வண்டி அலுவலகத்துக்குத் திரும்பியது. வழியெல்லாம் தாண்டவராயன் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பயந்துவிட்டார், இனி காரைக் கொடுத்துவிடுவார் என்று ராஜவேலு நினைத்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் கையைப் பதித்ததும் அவருக்குப் பழைய நிதானம் வந்துவிட்டது.

"வண்டியில அனுமதி இல்லாத பயணி இருக்காங்க" என்றார். "யார் அது?"

"என் சம்சாரம் சார். வடிவு."

"நேர்ல வரச் சொல்லுங்க."

"செத்துப்போச்சு சார்."

"அப்ப, செத்துட்டேன்னு அவங்க வந்து சொல்லணும். முடியாதுன்னா வாரிசு வந்து சொல்லணும். செத்தவங்க பிரயாணம் பண்றது தப்புன்னு நான் சொல்லலை. தெரியாம பண்றதுதான் தப்பு. வாரியத்துக்குத் தெரியாம இந்த மாவட்டத்துல யாரும் குலுங்கவும் கூடாது, குலுங்காம இருக்கவும் கூடாது."

அதனால் கலைப்பிரியா நிறைமாத வயிற்றோடு பஸ் ஏறி விழுப்புரம் வந்தாள். வருகிற வழியில்தான் ராஜவேலு குரலைப் பற்றி அவளிடம் முதல்முறையாகச் சொன்னார்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லலை? நானும் வந்து கேட்டிருப்பேன் இல்ல?"

அவர் அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பாவின் கையைப் பிடித்துப் பலகையைத் தாண்டி, படியேறி, அவள் தாண்டவராயன் எதிரே நின்றாள். உட்காரச் சொல்ல விதியில் இடம் இல்லை போலிருந்தது.

"உங்க அம்மா அந்த வண்டியில இல்லைன்னு நீங்க உறுதிமொழி குடுக்கணும்மா."

"நான் எப்படி சார் குடுக்கறது? இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

"அப்படின்னா இருக்காங்கன்னு குடுங்க. நிரந்தரமா, தற்காலிகமா?"

கலைப்பிரியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதிலுக்குப் பதிலாக மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மேஜை ஆடியது. அதன்மேல் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது.

"ப்பா... பனிக்கொடம் ஒடைஞ்சுடுச்சுப்பா."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். வந்தது. வாசல் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பலகை அதைத் தாங்காது. அதைத் தனியாக ஓட்டி வந்தவன் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பலகையில் வழுக்கி, ஸ்டிரெச்சரோடு பள்ளத்துக்குள் விழுந்தான். இப்போது அவனைத் தூக்க ஆள் தேவைப்பட்டது.

ராஜவேலு தாண்டவராயனின் மேஜைமேல் இரண்டு கைகளாலும் ஓங்கி அறைந்தார். வாழ்க்கையில் ஓர் அலுவலகத்தில் அவர் செய்த முதல் சத்தம் அது.

"சார், சாவியக் குடுங்க. ஒருத்தியை மெதுவா கொண்டாந்து சாவக் குடுத்துட்டேன். இன்னொன்னு குடுக்க மாட்டேன்."

தாண்டவராயன் கவிழ்ந்து கிடந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டியை விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "ஆனா இன்னொரு சோதனை ஓட்டத்துக்கு உத்தரவு போடலாம். பச்சைமுத்து, கூடப் போ. ஓட்டம் ஆஸ்பத்திரி வரைக்கும்."

கலைப்பிரியா பின்சீட்டில் படுத்தாள். விழுந்தவனை மேலே தூக்கிவிட்டு, இரண்டு பலகையையும் சக்கரத்துக்கு நேராக நகர்த்திப் போட்டு, பச்சைமுத்து கையைக் காட்ட, கார் பள்ளத்தைத் தாண்டியது. பிறகு அவர் ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் பின்னாலிருந்து நிஜமான வலி கேட்டது. பச்சைமுத்து அதில் எந்தத் தரத்தையும் பிரிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே வந்தார்.

"வேகமாப் போப்பா! ஜல்தியாப் போ!" என்று கத்தினாள் கலைப்பிரியா.

ராஜவேலு போனார். வளைவுகளில் கார் சாயவில்லை. மேடுபள்ளங்களில் தூக்கிப் போடவில்லை. அன்றைக்கு வடிவின் குரல் வந்ததா என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டார். மகள் போட்ட சத்தத்தில் அது கேட்டிருக்கவும் முடியாது.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அழுகைச் சத்தம் வராந்தா வரைக்கும் வந்தது.

வாரியத்தின் தீர்ப்பு இரண்டாம் நாள் பச்சைமுத்துவின் வாய்வழியாக வந்தது. மேற்படி கார், பள்ளமில்லாத சாலைகளில் ஓட்டுவதற்கு மிகவும் ஏற்றது என்று முடிவாகி, காயில் ஓவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பயணி விவகாரம் பரிசீலனையில் இருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் தாண்டவராயன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜீப்பில் வரவில்லை; பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். குழந்தையை எட்டி நின்று பார்த்தார். பிறகு ராஜவேலுவை மரத்தடிக்குக் கூப்பிட்டார். பதித்து வைக்க அங்கே மேஜை இல்லாததால் அவர் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தன.

"உங்க பின்சீட்டுல... வேற யாராவது வந்தா பேசுவாங்களா?"

"யாரு சார்?"

"என் பையன். அரிபிரசாத். பைக்ல போனான். கண்டாச்சிபுரம் ரோட்டுல." மரத்தில் ஒரு கையைப் பதித்துக்கொண்டார். "பள்ளத்துல விட்டுட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அங்க பள்ளம் இல்லைன்னு அதுக்கு முந்துன மாசம்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் செத்த பொறவு போய்ப் பாத்துட்டு வந்து, மறுபடியும் போட்டேன்."

ராஜவேலு சாவியை எடுத்தார்.

தாண்டவராயன் பின்சீட்டில் ஓரமாக, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார். கண்டாச்சிபுரம் சாலையில் இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. வழியெல்லாம் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வண்டி அதன்மேல் அலுங்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"ஓரமா ஒரு புளியமரம் வரும், அங்கதான் விழுந்தான். வந்ததும் சொல்லுங்க" என்றார் தாண்டவராயன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தாண்டிட்டோம் சார்."

"தெரியலையே. ஒன்னும் கேக்கலையே."

"திருப்பட்டுமா?"

திருப்பினார். மறுபடியும் தாண்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒருமுறை, இந்தத் தடவை நடந்துபோகிற வேகத்தில், சக்கரம் தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற சலசலப்பு காதில் விழும்படி. பின்சீட்டில் தாண்டவராயனின் மூச்சு மட்டும் கேட்டது.

"நிறுத்துங்க."

அவர் இறங்கிப் பின்னால் நடந்தார். புளியமரத்துக்கு நேரே, செருப்போடு தண்ணீருக்குள் கால் வைத்தார். முழங்கால் வரைக்கும் உள்ளே போயிற்று. இன்னொரு காலையும் வைத்தார். வெள்ளைச் சட்டை நனையக் குனிந்து, கையை விட்டு அடியையும் ஓரங்களையும் தடவினார். உடைந்த தார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இருக்குங்க" என்றார். "இங்க பாருங்க. இருக்கு."

எதிரே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. தாண்டவராயன் நகரவில்லை. ராஜவேலு ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, பஸ்ஸைச் சுற்றிப் போகச் சொன்னார்.